காலியாகாத பாத்திரம்

(ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. கோடை விடுமுறை, வேப்பமரத்தடி, மூன்று கல்லைக் கூட்டி ஓர் அடுப்பு. ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து பருப்பு, கொல்லையில் பறித்த நாலு கத்தரிக்காய், அம்மாவுக்குத் தெரியாமல் யாரோ எடுத்து வந்த புளி. சோறு பாதி வெந்திருக்கும், பாதி அடிப்பிடித்திருக்கும். வீட்டில் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகள்கூட அன்று பானையை வழித்துத் தின்பார்கள். பானையை இறக்கிய பிறகு, இது யார் வீட்டு அரிசி, இது யார் வீட்டுப் பருப்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வளர்ந்தபின் நாம் வேறு மாதிரி கூடி உண்கிறோம். அன்பியத்தின் ஆண்டு விழா, கிறிஸ்து பிறப்பு ஒன்றுகூடல், பள்ளித் தோழர்களின் சந்திப்பு என்று எதுவானாலும் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நகரத்தில் இதைப் ‘பாட்லக்’ என்கிறார்கள். நல்ல பழக்கம்தான். முழுச் செலவும் ஒருவர் தலையில் விழுவதில்லை. ஒரே ஒரு பெண் நாள் முழுக்க அடுப்படியில் கிடந்து வேகவேண்டியதில்லை. ஆனால் கூட்டாஞ்சோற்றில் எல்லாம் ஒரே பானைக்குள் போனது. இங்கே ஒவ்வொரு வீட்டுச் சமையலும் அதனதன் பாத்திரத்தில், மூடி போட்டு, தனித்தனியாக வருகிறது. எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தந்துவிடுகிறார்கள். அதனால் எது யார் வீட்டுப் பாத்திரம் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை.

எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதற்கு மேல் பேச முடியாது. சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் அன்பியங்களைத் திருத்தி அமைத்தோம். அதுவரை அவை தெருவாரியாக இருந்தன. தெருவாரியாக இருந்தால் தெருவோடு சேர்ந்து வேறென்ன பிரிந்து நிற்கும் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியும். புதிய ஏற்பாட்டில் கோவில் தெருவின் குடும்பங்களும் காலனிக் குடும்பங்களும் ஒரே அன்பியமாயின. முதல் மாதக் கூட்டத்தில் செபமாலையும் விவிலியப் பகிர்வும் நன்றாகவே நடந்தன. அந்த மகிழ்ச்சியில் ஒருவர் எழுந்து, “அடுத்த மாசம் எல்லாரும் வீட்டுலேருந்து ஏதாவது செஞ்சு கொண்டுவந்து ஒண்ணாச் சாப்பிடலாமே சாமி” என்றார். எல்லாரும் கைதட்டினோம்.

அந்தச் சனிக்கிழமை மாலை, பங்கு மண்டபத்தில் மேசைகளை வரிசையாகச் சேர்த்துப் போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தோம். தக்காளிச் சோறு வந்தது, வெஜிடபிள் பிரியாணி வந்தது, இட்லியும் முட்டைக் குழம்பும் வந்தன, கோழி வறுவல், பருப்பு வடை, சேமியா பாயசம் எல்லாம் வந்தன. எலுமிச்சைச் சோறு மட்டும் இரண்டு வந்துவிட்டது, இரண்டு வீட்டாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளாததால். இரண்டும் ஒரே மஞ்சள் நிறம், இரண்டிலும் வேர்க்கடலை, இரண்டிலும் கறிவேப்பிலை. பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயர்தான் வேறு வேறு. ஒன்று கோவில் தெரு, ஒன்று காலனி.

பங்குத்தந்தைக்கும் அருள்சகோதரிகளுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் தனியாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். நாங்களும் மறுக்காமல் போய் உட்கார்ந்தோம். தட்டுகளை நிரப்பிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்கள். எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்குக் குழாயடியில் பாத்திரம் கழுவக் கூட்டம். ஓர் அம்மா மட்டும் அங்கே இல்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, தம் பாத்திரத்தின் மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அருள்சகோதரி ஒருவர் அவரிடம் போய், “பாத்திரம் கழுவலையாம்மா?” என்று கேட்டார்.

“கழுவுறதுக்கு ஒண்ணும் இல்லை சிஸ்டர்.”

அவர்கள் தெருக்காரர்கள் எடுத்த நாலு கரண்டி போக, சோறு அப்படியே இருந்தது. இன்னோர் எலுமிச்சைச் சோற்றின் பாத்திரம் கழுவிச் சுவர்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று யாரும் யாரையும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. எல்லாரும் சிரித்த முகமாய்த்தான் இருந்தார்கள். மறுநாள் பெரியவர்கள் சிலரிடம் மெதுவாகக் கேட்டபோது, “அதெல்லாம் இப்ப ஏது சாமி? ரெண்டு எலுமிச்சம்பழச் சோறு இருந்தா ஒண்ணு மிஞ்சத்தானே செய்யும்” என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்தப் பதில் எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

புதுச்சேரியில் சம்பா கோவிலுக்குள் ஒரு காலத்தில், வழிபட வந்த மக்களை இரண்டு பிரிவாக நிறுத்தச் சுவர் இருந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. 1745-இல் நடந்த இந்தச் செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். செங்கல் சுவரானால் இடிக்க ஆள் வைக்கலாம். எங்கள் மண்டபத்தில் இருந்தது ஒரு வெள்ளைத் துணியும் சில பாத்திரங்களும்தான். எதை இடிப்பது என்று தெரியாமல் நின்றோம்.

அந்த வாரம்தான் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தை வேறு கண்களோடு வாசித்தோம்.

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த நகரம். கி.மு. 146-இல் உரோமையர் அதை அழித்தார்கள். கி.மு. 44-இல் யூலியு சீசர் அங்கே மீண்டும் குடியேற்றம் அமைத்தபோது வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஏறக்குறைய கி.பி. 50-ஆம் ஆண்டில் பவுல் அங்கு வந்து, கூடாரத் தொழில் செய்துகொண்டே ஒன்றரை ஆண்டு தங்கினார். அப்படிப் பிறந்த சபையில் வீட்டு உரிமையாளரும் இருந்தார், வீட்டு அடிமையும் இருந்தார். அவர்களுக்குக் கோவில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நற்கருணை தனியாகவும் சாப்பாடு தனியாகவும் பிரிந்திராத காலம் அது. வீட்டிலிருந்து கொண்டுவந்ததை உண்பார்கள், ஆண்டவரின் அப்பத்தையும் பிட்பார்கள்.

அங்கேதான் கோளாறு தொடங்கியது. கொண்டுவந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே முந்திக்கொண்டு உண்டுவிடுகிறார்கள். ஒருவர் பசியோடு நிற்கிறார், இன்னொருவர் குடித்து மயங்கிக் கிடக்கிறார். எபேசில் இருந்த பவுலுக்கு இந்தச் செய்தி எட்டியது. உண்ணவும் குடிக்கவும் உங்களுக்கு வீடுகள் இல்லையா, ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்தவா கூடுகிறீர்கள் என்ற பொருளில் அவர் கேட்கும் கேள்விகள் இன்றைக்கும் சுடுகின்றன.

எருசலேம் விவிலியப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்த தொமினிக்கன் சபைக் குரு ஜெரோம் மர்ஃபி ஓ’கானர், கொரிந்தின் அனாப்ளோகா பகுதியில் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு வீட்டை வைத்து இதற்கு விளக்கம் சொன்னார். அந்த வீட்டின் உணவறை ஏறக்குறைய ஐந்தரை மீட்டருக்கு ஏழரை மீட்டர். அக்கால வழக்கப்படி சுவரோரம் மஞ்சங்கள் போட்டுச் சாய்ந்து உண்டால், ஒன்பது பேர் வசதியாக இருக்கலாம். மற்றவர்கள் வெளியே முற்றத்தில் உட்காரவோ நிற்கவோ வேண்டும். உள்ளே யார், வெளியே யார் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பார். எல்லா அறிஞர்களும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் எங்களுக்கு அந்த ஒன்பது மஞ்சங்களைப் பற்றி வாசித்தபோது, மண்டபத்தில் எங்களுக்காகப் போடப்பட்ட தனி மேசை நினைவுக்கு வந்தது. தலைவர்கள் சறுக்குவது புதிதல்ல. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுருவே, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அந்தப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகத்தில் வாசிக்கிறோம்.

ஒவ்வொரு திருப்பலியிலும் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் கையில் எடுத்துச் சொல்லும் ஆண்டவரின் வார்த்தைகள் நமக்கு மனப்பாடம். அவற்றின் மிகப் பழைய எழுத்து வடிவம் நற்செய்தி நூல்களில் இல்லை. அவற்றுக்கும் முந்திய இந்தத் திருமுகத்தில், இந்தச் சாப்பாட்டுத் தகராற்றின் நடுவில்தான் இருக்கிறது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் அந்தப் பகுதி இரண்டாம் வாசகமாக வருகிறது. ஆனால் வாசகம் 23-ஆம் வசனத்தில் தொடங்கி 26-ஆம் வசனத்தில் முடிந்துவிடுவதால், முன்னும் பின்னும் உள்ள தகராறு நம் காதில் விழுவதில்லை. ஒருமுறையாவது வீட்டில் 17-ஆம் வசனத்திலிருந்து முழுதாக வாசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து உண்ணும் விருந்து கிரேக்கரிடையே பழங்காலம் முதலே உண்டு. அதற்கு ‘எரானோஸ்’ என்று பெயர். சாக்ரடீஸ் அத்தகைய விருந்துகளில் என்ன செய்தார் என்று அவருடைய மாணவர் செனபோன் எழுதியிருக்கிறார். சிலர் மீனும் இறைச்சியும் நிறையக் கொண்டுவருவார்கள், சிலர் கொஞ்சமாகக் கொண்டுவருவார்கள். சாக்ரடீஸ் பணியாளிடம், அந்தக் கொஞ்சத்தைப் பொதுவில் வை, அல்லது எல்லாருக்கும் சமமாகப் பங்கிடு என்பாராம். சிறிய பங்கு எல்லார் தட்டிலும் விழுந்தபின், நிறையக் கொண்டுவந்தவர்களுக்குத் தங்களுடையதை மட்டும் தனியாக வைத்துச் சாப்பிட வெட்கமாகிவிடும். அவர்களும் பொதுவில் வைத்துவிடுவார்கள். எவ்வளவு கொண்டுவந்தாலும் எல்லாருக்கும் ஒரே பங்குதான் என்று ஆனதும், மீனுக்கும் இறைச்சிக்கும் அதிகம் செலவழிப்பதை அவர்கள் விட்டுவிட்டார்களாம்.

இந்த வழி எங்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் பாத்திரங்கள் மேசைக்கு வரவில்லை. மண்டபத்தின் பின்கட்டு வழியாக உள்ளே போயின. ஒரே வகைச் சோறு எல்லாம் ஒரே பேசினில் கொட்டப்பட்டது. குழம்புகளும் பொது வாளிக்கு மாறின. தனி மேசையை எடுத்துவிட்டோம். தரையில் பாய் விரித்து, இலை போட்டு, பந்தியாக உட்கார வைத்தோம். நாங்கள் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு வீட்டார் மட்டும் தாங்கள் சமைத்ததைக் கொண்டுவராமல், கடையில் மிக்சரும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிவந்து வைத்தார்கள். செனபோன் எழுதியது நம் ஊரிலும் கொஞ்சம் பலித்தது என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் இந்தப் பந்தியைப் பற்றிப் பெருமையாகவே பேசினோம்.

அதற்கு அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை.

உடம்பு சரியில்லையோ என்று அருள்சகோதரி வீட்டுக்குப் போய் விசாரித்தார். “உடம்புக்கு ஒண்ணும் இல்லை சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அவர் சொன்னார்: “போன தடவை என் சோத்தைச் சாப்பிட்டாங்க. ஆனா என் சோறுன்னு தெரியாமச் சாப்பிட்டாங்க. தெரியாமச் சாப்பிட்டது எனக்கு எப்படி சிஸ்டர் சந்தோசமா இருக்கும்?”

அருள்சகோதரி வந்து இதைச் சொன்னபோது எங்களில் யாருக்கும் பதில் இல்லை. அவருடைய பெயரை மறைத்தால்தான் அவருடைய சோறு செல்லுபடியாகும் என்று நாங்களே ஏற்பாடு செய்திருக்கிறோம். தீர்ந்தது எங்கள் சங்கடம்தான், அவருடைய அவமானம் அல்ல. சாக்ரடீசைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்தது கூடுதல், குறைவு என்ற கணக்கை. எங்கள் பிரச்சினை எவ்வளவு கொண்டுவந்தார் என்பதில் இல்லை, யார் கையால் ஆனது என்பதில் இருந்தது.

கொரிந்தியருக்குப் பவுல் இறுதியில் சொல்லும் அறிவுரை, உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது. அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லுக்குக் காத்திருத்தல் என்பதோடு, வருபவரை ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு என்று விளக்கவுரையாளர் சிலர் சொல்கிறார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்து நாங்கள் காத்திருந்தோம், சரி. ஏற்றுக்கொண்டோமா?

யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சிக்கார் ஊர்க் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். நண்பகல், நடந்து வந்த களைப்பு. நீர் மொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. சமாரியப் பெண் ஒருவர் குடத்தோடு வருகிறார். அவரிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்கிறார். அந்தப் பெண் வியந்துபோகிறார். காரணத்தை யோவானே குறிப்பிடுகிறார், யூதருக்கும் சமாரியருக்கும் ஒட்டு உறவு கிடையாது என்று. மூலத்தில் உள்ள சொல்லின் நேர்ப்பொருள், சேர்ந்து பயன்படுத்துதல். அதனால் யூதர் சமாரியரோடு ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்துவதில்லை என்றே இதற்குப் பொருள் சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் ஆண்டவர் கேட்டது அந்தப் பெண்ணின் பாத்திரத்திலிருந்து. யாருடையது என்று தெரிந்தே, பட்டப்பகலில், கேட்டார். அவர் கடைசியில் தண்ணீர் குடித்தாரா இல்லையா என்று யோவான் எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

நாங்கள் யாரும் அந்த அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறோம், வாருங்கள் என்று அழைத்திருக்கிறோம். எங்களுக்கு வேண்டும் என்று கேட்டதில்லை.

சொல்லி அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வருகிறோம், எலுமிச்சைச் சோறு வேண்டும் என்று. நான்கு பேர் போனோம். பங்குத்தந்தை, அருள்சகோதரி, அன்பியப் பொறுப்பாளர், பிறகு கோவில் தெருவிலிருந்து அன்று இன்னோர் எலுமிச்சைச் சோறு கொண்டுவந்த பெரியம்மா. அவரை அழைக்கும்போது வருவாரா என்று எங்களுக்கு நிச்சயமில்லை. “போவோம்” என்றார், அவ்வளவுதான். வழியெல்லாம் எதுவும் பேசவில்லை. காலனியின் முனையில் ஒரு நிமிடம் நின்றார். செருப்பில் கல் என்றார். பிறகு வந்தார்.

வீட்டில் தட்டு மூன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் வாங்கி வரட்டுமா என்றதற்கு, வேண்டாம், ஒருவர் பொறுத்துச் சாப்பிடுகிறோம் என்றோம். யார் பொறுப்பது என்பதை அந்த அம்மாவே தீர்மானித்தார். “சாமி, நீங்க செத்த நேரம் இருங்க. பெரியம்மாவுக்குச் சர்க்கரை. அவங்க முதல்ல சாப்பிடட்டும்.”

திண்ணையில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு, “கடலையை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்” என்றார்.

எங்களுக்குத் திக்கென்றது. அந்த அம்மாவோ சிரித்துவிட்டார். “உங்க சோத்துல அன்னைக்கு உப்பு கம்மி பெரியம்மா. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்” என்றார்.

பெரியம்மாவின் கை தட்டிலேயே நின்றது. அன்று மண்டபத்தில் இவர் அவருடைய சோற்றை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

எங்கள் முறை வந்தபோது, அந்த அம்மா பாத்திரத்தைச் சாய்த்து வழித்துத்தான் போட வேண்டியிருந்தது.